‘கட்டாயம்’ என்றால் ஆமா, ‘கட்டாயப்படுத்தல்’ என்றால் இல்லை: மலையகத்தில் ஓர் ஆங்கிலச் சொல் படும் பாடு

அந்த வினாக்கொத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவள் நான்தான். ஆகவே அதிலிருந்த பிழைக்கும் நானே பொறுப்பு.

சில வருடங்களுக்கு முன்னர், பெருந்தோட்டங்களின் வேலை நிலைமை குறித்த ஓர் ஆய்வுக்காகப் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தோம். ஆங்கிலப் படிவத்தில் ‘ஃபோர்ஸ்ட் லேபர்’ என்று இருந்த இடத்தில் நான் ‘கட்டாய வேலை’ என்று போட்டிருந்தேன். அகராதியும் அதைத்தான் சொல்கிறது. அரச ஆவணங்களிலும் அப்படித்தான் வருகிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் உட்கார்ந்து, "நீங்கள் கட்டாய வேலை செய்கிறீர்களா?" என்று வாசித்தேன்.

"ஆமா மிஸ். வேல கட்டாயம் செய்யணும்ல? இல்லாட்டி அடுப்பு எப்புடி எரியும்?" என்றார் முதலாவது அக்கா. அடுத்தவரும் ஆமா. அதற்கடுத்தவரும் ஆமா. எல்லோரும் சிரித்த முகத்தோடு ஆமா சொன்னார்கள்.

படிவத்தின் அடுத்த பக்கத்தில் அதே விடயத்தைச் சரிபார்க்க இன்னொரு கேள்வி இருந்தது: "வேலை செய்யும்படி யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா?" இதற்கு எல்லோரும் "இல்ல" என்றார்கள். சிலர் கொஞ்சம் கோபமாகவே சொன்னார்கள். கட்டாயப்படுத்தி வேலை வாங்குகிற ஆள் என்று நாங்கள் யாரை நினைக்கிறோம், அவர்களை என்ன நினைத்துக்கொண்டோம் என்ற கோபம் அது.

அன்றிரவு விடுதியில் படிவங்களைப் பார்த்தபோது, ஒரே பெண் ‘கட்டாய வேலை செய்கிறேன்’ என்றும் ‘யாரும் கட்டாயப்படுத்தவில்லை’ என்றும் சொல்லியிருந்தார். கணினியில் ஏற்றினால் இரண்டில் ஒன்று பொய் என்று வரும். ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. என் தமிழ்தான் அவர்களிடம் வேறு எதையோ கேட்டிருந்தது.

பேச்சுத் தமிழில் ‘கட்டாயம்’ என்பது பெரும்பாலும் ‘நிச்சயம்’ என்ற பொருளில்தான் வருகிறது. "கல்யாணத்துக்குக் கட்டாயம் வரணும்" என்று அழைக்கிறவர் யாரையும் மிரட்டுவதில்லை. "கட்டாயம் வாறன்" என்று யாழ்ப்பாணத்தில் சொல்பவர் அநேகமாக வரமாட்டார் என்பதும் நமக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் கணிதம் கட்டாய பாடம். கட்டாயக் கல்வி வயது 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. இவை ஆங்கிலத்தில் ‘கம்பல்சரி’. விதி அப்படி, எல்லோருக்கும் பொது, பெரும்பாலும் நன்மைக்கு என்ற தொனி அதில் இருக்கிறது. ‘ஃபோர்ஸ்ட்’ அப்படியல்ல. அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது. தள்ளுகிற கை, பிடித்து வைக்கிற கை, அல்லது கையெழுத்துப் போட மறுக்கிற கை. தமிழில் இரண்டுக்கும் ‘கட்டாய’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

(இரண்டுக்கும் நடுவில் நம் ஊர்களில் ஒரு தனி வகை உண்டு: சிரமதானம். பெயர் தானம், வராதவர் வீட்டுப் பெயரைக் குறித்துக்கொள்வார்கள்.)

சட்டம் இந்த இரண்டு பெயரடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே பேசுகிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சமவாயத்தின் பெயரிலேயே இரண்டும் உள்ளன: பலவந்த அல்லது கட்டாய உழைப்பு. இலங்கை இதை 1950இல் ஏற்றுக்கொண்டது. அதன் வரைவிலக்கணத்தைச் சுருக்கினால் இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று, ஏதாவதொரு தண்டனை வரும் என்ற அச்சுறுத்தலின் கீழ் வேலை வாங்கப்பட வேண்டும். மற்றது, அந்த ஆள் தன் விருப்பத்தோடு அந்த வேலைக்கு முன்வராதவராக இருக்க வேண்டும். இரண்டும் சேர வேண்டும். இராணுவ சேவை, வழக்கமான குடிமக்கள் கடமை, நீதிமன்றத் தீர்ப்பின்படி கைதிகள் செய்யும் வேலை, அனர்த்த கால வேலை, ஊருக்கான சிறு வேலைகள் ஆகியவற்றுக்கு நிபந்தனைகளோடு விலக்கு உண்டு.

‘தண்டனை’ என்றவுடன் நமக்குச் சிறையும் அடியும்தான் நினைவுக்கு வருகின்றன. சமவாயம் அதோடு நிற்பதில்லை. ஓர் உரிமையையோ சலுகையையோ இழப்பதும் தண்டனைதான் என்றே அந்த அமைப்பு நீண்ட காலமாக விளக்கம் கொடுத்து வருகிறது. பலவந்த உழைப்பை அடையாளம் காண அது வகுத்த 11 குறிகாட்டிகளில் கடன்பிணை, சம்பளத்தை நிறுத்தி வைத்தல், அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்தல், தனிமைப்படுத்தல், ஒருவருடைய பலவீனமான நிலையைப் பயன்படுத்திக்கொள்ளல் போன்றவையும் வருகின்றன. சவுக்கைத் தேடிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மலையகத்தின் வரலாறே இந்தச் சொல்லின் மேல் நடந்த ஒரு நீண்ட வழக்கு என்று எனக்குத் தோன்றும்.

கண்டி இராச்சியத்தில் காணிக்குப் பதிலாக மன்னருக்குச் செய்யவேண்டிய கட்டாய ஊழியம் இராசகாரியம். கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுப்படி பிரித்தானியர் 1832இல் அதை ஒழித்தார்கள். கட்டாய உழைப்பு போய்ச் சுதந்திர உழைப்பு வந்துவிட்டது என்று எழுதப்பட்டது. அதே காலப்பகுதியில்தான் கோப்பித் தோட்டங்கள் மலைகளில் ஏறின. தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். மொரீஷியசுக்கும் நாத்தாலுக்கும் பீஜிக்கும் போனவர்கள் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துப் போனார்கள். இலங்கைக்கு வந்தவர்களுக்கு அப்படியான நீண்ட ஒப்பந்தம் இல்லை. ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்துவிட்டு விலகலாம். ஆகவே இலங்கைத் தோட்டத் தொழிலாளி ‘சுதந்திரத் தொழிலாளி’ என்று துரைமார் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். காகிதத்தில் அது உண்மையும்கூட.

காகிதத்துக்கு வெளியே இருந்தது கடன். ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு, அரிசி, துணி, சில வேளை ஊரில் இருந்த பழைய கடன் எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறிவிடும். கங்காணிக்குத் தோட்டத்தில் கடன். தொழிலாளிக்குக் கங்காணியிடம் கடன். வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் துரை ‘துண்டு’ எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கங்காணியும் அவன் ஆட்களும் இத்தனை ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள், அதைக் கட்டுபவருக்கு இவர்களை விடுவிப்பேன் என்பதுதான் அந்தத் துண்டு. புதிய தோட்டம் பணத்தைக் கட்டும், கடன் இடம் மாறும், கூடவே ஆட்களும் இடம் மாறுவார்கள். நம்முடைய சாதாரணத் தமிழ்ச் சொல்லான ‘துண்டு’ அப்படியே ஆங்கில அரச அறிக்கைகளுக்குள் புகுந்தது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதுவரை, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின்படி, முறையாக அறிவிக்காமல் வேலையை விட்டுப் போனவரைச் சிறைக்கும் அனுப்ப முடிந்தது. விலகுகிற உரிமை இருந்தது. விலகினால் சிறையும் இருந்தது. இதைச் ‘சுதந்திரம்’ என்று எழுதியவர்களுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரிந்திருந்தது.

அடுத்த முறை இந்தப் பெயரடை வந்தது தோட்டக் கணக்கில் அல்ல, இரண்டு நாடுகளின் பிரதமர்களுக்கு முன்னால் இருந்த மேசையில்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கிய கதை வாசகர்களுக்குத் தெரியும். அதன் பின்னர் 1953 ஜூனில் லண்டனில் நேருவும் டட்லி சேனநாயக்கவும் பேசினார்கள். இலங்கை ஒரு பகுதியினருக்குக் குடியுரிமை கொடுக்கும், இன்னொரு பகுதியினருக்கு நிரந்தர வதிவிட அனுமதி கொடுக்கும், எஞ்சிய சுமார் 3 இலட்சம் பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்பது இலங்கையின் யோசனை. அந்தக் கடைசிப் பகுதிக்கு முன்னால் இருந்த பெயரடைதான் ‘கம்பல்சரி’. கட்டாயமாகத் திருப்பி அனுப்புவது என்ற கொள்கையை நேரு ஏற்கவில்லை. பேச்சு முறிந்தது. விருப்பத்தோடு வருகிறவரை ஏற்கலாம், கட்டாயத்தில் அனுப்பப்படுகிறவரை ஏற்க முடியாது என்பதே அப்போதைய இந்திய நிலைப்பாடு.

பதினொரு வருடங்கள் கழித்து, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். (அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதி என்று பிரித்தார்கள்.) சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. விண்ணப்பம் கோரியபோது இந்தியக் குடியுரிமைக்கு ஏறக்குறைய 4 இலட்சம் பேர்தான் எழுதிக் கொடுத்தார்கள். இலங்கைக் குடியுரிமை கேட்டவர்கள் 6 இலட்சத்துக்கும் மேல். ஒப்பந்தத்தின் எண்ணிக்கையும் மக்களின் எண்ணிக்கையும் பொருந்தவில்லை. இப்போது ‘கட்டாய’ என்ற சொல்லை எழுதாமலே அந்த இடைவெளியை நிரப்பியாக வேண்டும்.

அது எப்படி நடந்தது என்பது சட்டத்தின் விகிதத்தில் இருக்கிறது. ஏழு பேர் இந்தியாவுக்கு என்றால் நான்கு பேருக்கு இலங்கைக் குடியுரிமை. டட்லி அரசாங்கத்தின் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு பேர் இந்தியக் குடிகளாகப் பதிவானாலே நான்கு பேருக்குக் கிடைக்கும். 1971இல் சிறிமாவோ அரசாங்கம் அதைத் திருத்தியது: பதிவு போதாது, ஏழு பேர் நாட்டை விட்டுப் போயிருக்க வேண்டும். அதாவது இங்கே வாழ விண்ணப்பித்த நான்கு பேருடைய பிரசாவுரிமை, பக்கத்துக் காம்பராக்காரர் ஏழு பேர் கோச்சி ஏறுவதில் தொங்கியது. யாரும் யாருடைய கழுத்தையும் பிடித்துத் தள்ளவில்லை. நானுஓயாவிலும் ஹட்டனிலும் தலைமன்னார் போகும் பயணிகளை ஏற்றிய அந்த ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. விருப்பத்தோடு போகிறவர்கள் ஏறுகிற வண்டிக்கு அப்படிப் பெயர் வைக்கமாட்டார்கள். அந்தப் பயணம் 1984இல் கப்பல் நின்றதோடு நின்றது.

1977 வன்செயலுக்குப் பிறகு என் அப்பாவின் குடும்பம் டிக்கோயாப் பக்கத்திலிருந்து வவுனியாவுக்கு வந்தது. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படித்தபோது ஓர் ஒப்படைக்காக அப்பாயியிடம், "நீங்கள் விரும்பியா வந்தீங்க, கட்டாயத்திலயா?" என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல. வந்தோம்" என்றார். அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ‘பலவந்தமாக இடம்பெயர்ந்தவர்’ என்று எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது. இப்போது அந்த ஒப்படையை வாசித்தால் கூச்சமாக இருக்கிறது. ‘இடம்பெயர்ந்தவர்’ என்பது நடந்து போனவர். பலவந்தமாக நடந்தது என்றால் ‘இடம்பெயர்க்கப்பட்டவர்’ என்றல்லவா எழுதியிருக்க வேண்டும்?

இந்த நுணுக்கத்தை எங்களுக்குக் கற்றுத்தந்தவர்கள் மொழி அறிஞர்கள் அல்ல. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார். ‘காணாமல் போனோர்’ என்று எழுதிய செய்தியாளரை அவர்கள் நிறுத்தித் திருத்தினார்கள்: போகவில்லை, ஆக்கப்பட்டார்கள். ஆங்கிலத்தில் அது ‘என்ஃபோர்ஸ்ட்’. நாம் அதை ‘வலிந்து’ என்று மொழிபெயர்த்தோம். 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போதும் ‘வலிந்து காணாமல் ஆக்கப்படுதல்’ என்றே சொல்கிறோம். விநோதம் என்னவென்றால், பழைய வழக்கில் ‘வலிய’, ‘வலிந்து’ என்பவை தானாக முன்வருவதையும் குறிக்கும்: "வலிய வந்து உதவினார்" என்றால் யாரும் கேட்காமலே வந்தார் என்பது பொருள். ஆனால் ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்னும்போது, வலிந்து செய்தவன் யாரோ ஒருவன் இருக்கிறான் என்பதை அந்தச் செயப்பாட்டு வினை விடாமல் சுட்டுகிறது. சொல் சரியாகத்தான் வேலை செய்கிறது.

எல்லாச் சொல்லுக்கும் இப்படி வாய்க்கவில்லை. யுத்தத்தின் கடைசி வருடங்களில் வன்னியில் நடந்த ஆட்சேர்ப்பை அறிக்கைகள் ‘கட்டாய ஆட்சேர்ப்பு’ என்கின்றன. வீட்டில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. "பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டினம்" என்றுதான் சொன்னார்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய என் உறவுகளும் அதே வினையைத்தான் பாவித்தார்கள்: "புள்ளய புடிச்சிட்டுப் போயிட்டாங்க." வினைச்சொல்லில் கை தெரிகிறது, பெயரடையில் அது மறைந்துவிடுகிறது. எனக்கு இப்போது பெயரடைகளில் நம்பிக்கை குறைவு.

திரும்பத் தோட்டத்துக்கு வருகிறேன். 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டிருந்த டயகமச் சிறுமி ஒருவர் தீக்காயங்களால் உயிரிழந்தார். அதே வருடக் கடைசியில், அடிமைத்தனத்தின் சமகால வடிவங்கள் குறித்த ஐ.நா. விசேட அறிக்கையாளர் டொமோயா ஒபோகட்டா இலங்கைக்கு வந்தார். பெருந்தோட்டங்களில் மலையகத் தமிழர் படும் நிலைமையில் பலவந்த உழைப்பின் குறிகாட்டிகள் இருப்பதையும், அதற்கு ஓர் இனப் பரிமாணம் இருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். அறிக்கை 2022இல் மனித உரிமைகள் பேரவைக்குப் போனது. கம்பனிகள் தரப்புக்குப் பதில் சொல்வது கடினமாக இருக்கவில்லை: தொழிற்சங்கம் இருக்கிறது, ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது, யாரையும் பூட்டி வைக்கவில்லை, வேண்டாதவர் போகலாம். 1900இல் சொன்ன அதே ‘போகலாம்’.

எல்லாவற்றையும் அடிமைத்தனம் என்று எழுதிவிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. சம்பளம் குறைவு என்பது மட்டும் சர்வதேசச் சமவாயத்தின்படி பலவந்த உழைப்பாகாது. நாள் சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் சம்பள நிர்ணய சபை ஊடாக உயர்ந்தது. தொழிலாளர் தெருவில் இறங்கியதால் நடந்தது அது. அவர்களை வாயில்லாத அடிமைகள் என்று எழுதினால் அந்தப் போராட்டத்தை அழித்தவர்களாவோம்.

ஆனால் ‘வேண்டாதவர் போகலாம்’ என்பதற்கு இந்திய உச்சநீதிமன்றம் 1982இலேயே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டடத் தொழிலாளர் பற்றி மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் தொடுத்த வழக்கு அது. இந்திய அரசியலமைப்பின் 23ஆம் உறுப்புரை தடைசெய்யும் பலவந்தம் என்பது உடல் பலத்தையோ சட்டத்தின் பலத்தையோ மட்டும் குறிக்காது என்று நீதியரசர் பகவதி எழுதினார். வறுமை காரணமாக வேறு தெரிவே இல்லாமல் ஒருவர் ஒரே வழியில் தள்ளப்படுவதும் பலவந்தமே. ஆகவே ஆகக் குறைந்த சம்பளத்துக்கும் கீழே வாங்கிக்கொண்டு செய்யும் வேலை பலவந்த உழைப்பே என்று தீர்ப்பு விரிந்தது. இலங்கையில் தண்டனைச் சட்டக்கோவையின் 358அ பிரிவு கடன்பிணையையும் பலவந்த உழைப்பையும் குற்றமாக்கியுள்ளது. அந்தத் தீர்ப்பு இங்கே கட்டுப்படுத்தாது. ஆனாலும் நமது வினாக்கொத்துக்கு அது கட்டாயம் தேவை. ‘நிச்சயம்’ என்ற பொருளில்தான் சொல்கிறேன்.

மறுநாள் காலை கேள்வியை மாற்றினேன். ‘கட்டாய’ என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். "நாளைக்கு நீங்கள் பிரட்டுக்குப் போகாவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டோம். "கிலோ குறைந்தால் என்ன நடக்கும்?" "இந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருக்க முடியுமா?" என்று தொடர்ந்தோம்.

முதல் நாள் ஒரு சொல்லில் பதில் சொன்னவர்கள் இப்போது நிறுத்தாமல் பேசினார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர் என்றார்கள். தொடர்ந்து நாலு நாள் போகாவிட்டால் அட்வான்ஸ் கிடைக்காது; அட்வான்ஸ் இல்லாவிட்டால் கடையில் அரிசி கிடைக்காது. போன தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் இன்னும் பிடிபடுகிறது என்றார் ஒருவர். காம்பரா தோட்டத்துடையது, வீட்டில் ஒருவராவது பேர் போடாவிட்டால் அதில் இருக்க முடியுமா என்ற பயம் பலருக்கும் இருந்தது. "மக கொழும்புல உடுப்புக் கடையில நிக்கிறா. நானும் போயிருப்பேன். நான் போனா வீடு போயிரும்னுதான் மலைக்குப் போறேன்" என்றார் முந்தைய நாள் கோபப்பட்ட ஒருவர். அவரிடமே, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்துகிறார்களா என்று மறுபடி கேட்டேன்.

"அதான் நேத்தே சொன்னேனே மிஸ், யாரும் கட்டாயப்படுத்தல. வேற வழியில்ல."

கொழும்பில் தரவைப் பதிவு செய்த பிள்ளை இந்தப் பதிலுக்கு ‘இல்லை’ என்ற பெட்டியில் அடையாளம் இட்டிருந்தது. பிழை சொல்ல முடியாது. வாக்கியத்தில் ‘கட்டாயப்படுத்தல’ என்று தெளிவாகத்தான் இருக்கிறது. அலுவலகத்தோடு இரண்டு வாரம் மின்னஞ்சலில் இழுபட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டுக்கும் கீழே மூன்றாவது பெட்டி ஒன்றைச் சேர்க்க வைத்தோம். அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் வைப்பது என்று அவர்கள் கேட்டார்கள். பெயர் வைக்காமல், அந்தப் பெண் சொன்ன இரண்டு சொற்களையே தமிழில் அடிக்கச் சொன்னேன். அடுத்த தோட்டத்துக்குப் போன படிவத்தில் ‘வேற வழியில்ல’ என்றே அச்சாகி இருந்தது.